நமது தீவுச் சாலைக்கு எந்தச் சைக்கிள்?

ரயில் பாதையே இல்லாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 38 ஆண்டுகள் பணியாற்றி, 2018ல் ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தவன் நான். (2024 செப்டம்பரில் இவ்வூர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் என் நாக்கு பழைய பெயருக்கே திரும்புகிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) இங்கு ரயில் இல்லாவிட்டாலும் சக்கரம் இருக்கிறது, சரிவு இருக்கிறது, மழை இருக்கிறது. எனவே என் பழைய படிப்புக்கு முற்றிலும் வேலை இல்லாமல் போய்விடவில்லை.

காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் மகன் சென்ற ஆண்டின் முற்பகுதியில் ஒருநாள் என்னைத் தேடி வந்தான். வீடு விம்பர்லிகஞ்ச் பக்கம்; வேலை டிலானிப்பூரில். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் சரளை மண் பாதை. பிறகு பாம்பூஃப்ளாட் ஜெட்டி வரை தார்ச்சாலை, ஆங்காங்கே குழிகளுடன். வாகனப் படகில் சாத்தம் வந்து இறங்கினால், ஹேடோ வழியாக மேடேறி அலுவலகம். பஸ்ஸைத் தவறவிட்டால் படகு போய்விடும். படகைத் தவறவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

“மாமா, அம்மா சீட்டு எடுத்த பணம் இருபத்தைந்தாயிரம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு சைக்ளோகிராஸ் சைக்கிள் வாங்கலாமா? சேறு, மணல், தார் எல்லாவற்றிலும் போகுமாமே!” என்றான்.

மோட்டார் சைக்கிள் வாங்கினால் கடன். தங்கையின் கல்லூரிச் செலவும் இருக்கிறது. இந்த இருபத்தைந்தாயிரமும் வீணானால் அந்த வீட்டில் இன்னொரு இருபத்தைந்தாயிரம் உடனே வராது. ஆகவே அவனுக்குச் சும்மா ஒரு பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையே இங்கு எழுதுகிறேன். பள்ளிக்கும் வேலைக்கும் சைக்கிளில் செல்லும் பிள்ளைகள் உள்ள மற்ற குடும்பங்களுக்கும் இது பயன்படலாம்.

சைக்ளோகிராஸ் என்றால் என்ன?

இது ஐரோப்பாவில், குறிப்பாக பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும், குளிர்காலத்தில் நடக்கும் ஒரு பந்தயம். பிரான்ஸில் 1902லேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. முதல் உலகப் போட்டி 1950ல் பாரிஸில் நடந்தது. ஜான் ரோபிக் என்ற பிரெஞ்சு வீரர் வென்றார். புல்வெளி, சேறு, மணல் என்று ஒரு குறுகிய சுற்றுப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வரவேண்டும். நடுநடுவே கட்டை வைத்துத் தடுத்திருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி ஏற வேண்டும்.

இதற்கான சைக்கிள் பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டில்பாருடன் இருக்கும். ஆனால் டயர் சற்று அகலம்; டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சேறு அடைக்காதபடி இடைவெளி அதிகம். உலகப் போட்டிகளில் டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது என்பது விதி.

அப்படியானால் நம் சாலைக்குப் பொருத்தம்தானே என்று தோன்றும். பாதி சரி. அகல டயரும் சேற்றுக்கு இடைவெளியும் நமக்கும் தேவை. ஆனால் பந்தயச் சைக்கிளில் மட்கார்டு, கேரியர் மாட்டப் பல சமயம் துளையே இருக்காது. சாப்பாட்டுப் பையையும் மழைக்கோட்டையும் எங்கே வைப்பது? இந்தியாவில் இவ்வகைச் சைக்கிள் கிடைப்பதும் அரிது. கிடைத்தால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது, லட்சத்தையும் தாண்டும்.

இந்த இடத்தில் நம் தீவுப் பிள்ளை ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். 2018ல் ஸ்விட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில், கெய்ரின் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றவர் ஈசோ ஆல்பன். அந்தப் பந்தயச் சைக்கிளுக்கு பிரேக்கும் கிடையாது, மாற்றுவதற்கு கியரும் கிடையாது! அந்த ஓடுதளத்தில் அதைவிடச் சிறந்த சைக்கிள் இல்லை. அதையே டிலானிப்பூர் இறக்கத்தில் ஓட்டினால் ஆஸ்பத்திரிதான். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் பெயரும் விளம்பரமும் நம்மைக் குழப்பாது.

முதலில் பிரேக்

பிரேக்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. என் பணிக்காலத்தின் பெரும் பகுதி பிரேக் பிரிவில்தான் கழிந்தது. வாக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்த காலம் முழுவதும் அங்கே இருந்தவன். அப்பேர்ப்பட்டவன் 2019ல் இங்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம், ரப்பர் கட்டை பிரேக். விலை மலிவு. ஜூன் மாத மழையில் ஒருநாள் இறக்கத்தில் வந்தபோது பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்தினேன். சைக்கிள் நிற்கவேயில்லை. ஓரத்து வாய்க்காலில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மூன்று மாதம் மகள்தான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாள். “அப்பா, நீங்கள் பிரேக் எஞ்சினியர்தானே?” என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காரணம் எளிது. வழுவழுப்பான குரோம் பூச்சின் மேல் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும். ரப்பர் அந்தத் தண்ணீரைத் துடைத்து முடிக்கவே சக்கரம் பல சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் வண்டி எங்கேயோ போய்விடும். தண்டவாளம் வழுக்கும்போது ரயில் எஞ்சினிலிருந்து மணல் தூவுவோம்; சைக்கிளில் அந்த வசதி இல்லை! அலுமினியக் கலவை ரிம் இருந்தால் ஈரத்திலும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். அதைவிட நல்லது டிஸ்க் பிரேக். அதன் தட்டு சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கும் தண்ணீருக்கும் எட்டி இருக்கிறது. ரிம் சற்றுக் கோணினாலும் பிரேக் கெடாது.

டிஸ்க்கிலும் இரு வகை உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது இதமாக இருக்கும். ஆனால் காற்று புகுந்துவிட்டால் தெரிந்த மெக்கானிக் வேண்டும். கம்பி இழுத்து இயங்கும் டிஸ்க்கை எந்தச் சைக்கிள் கடையிலும் சரிசெய்துவிடலாம். நம் ஊருக்கு இரண்டாவதே போதும். பிரேக் பேடிலும் ரெசின் வகை, உலோகத்தூள் கலந்த வகை என இரண்டு இருக்கின்றன. மழையில் ரெசின் வேகமாகத் தேயும். ஆனால் சில மலிவான டிஸ்க் தட்டுகளில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேட் வாங்குங்கள்.

மேட்டுக்கு கியர்

ஊட்டி மலை ரயிலை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1. அதாவது 12 அடி போனால் 1 அடி உயரும். அதற்கே தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் போட்டு, பல்சக்கரத்தால் பற்றி ஏறுகிறார்கள். எங்கள் தெரு ஏற்றத்தை ஒரு பலகையும் ரசமட்டமும் வைத்து அளந்து பார்த்தேன். அதுவும் கிட்டத்தட்ட 12க்கு 1தான்!

ஆளும் சைக்கிளும் பையுமாகச் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் எந்நேரமும் சுமார் 7 கிலோ எடை பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். சமதரையில் சக்கரம் உருளுவதற்கு 1 கிலோ கூடத் தேவைப்படாது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே சுமார் 120 வாட் சக்தி வேண்டும். சாதாரண மனிதன் சிறிது நேரம் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ அவ்வளவுதான்.

இப்போது கியருக்கு வருவோம். நம் அப்பாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான அளவு. பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். மேற்சொன்ன வேகத்தில் மேடேறினால் நிமிடத்துக்கு 18 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டை தூக்குவது போல இருக்கும். ஆகவேதான் இறங்கித் தள்ளினோம். முன்னால் 28, பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் போகும். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 55 சுற்று. முழங்கால் வலிக்காமல் உட்கார்ந்தபடி ஏறிவிடலாம். பந்தயத்துக்கான சைக்ளோகிராஸ் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரமே 36 பல் என்பது சகஜம். அது பந்தய வீரனின் தொடைக்கு!

கடைக்காரர் “21 கியர், 24 கியர்” என்பார். எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம். முன்னால் உள்ள சிறிய சக்கரத்தின் பற்களையும் பின்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். முன்னதைவிடப் பின்னது அதிகமாக இருந்தால் நம் மேடுகளுக்கு அது போதும்.

டயரும் ஓர் ஏமாற்றும்

எங்கள் கணக்கில் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் வரை சரி என்று வந்தது. அதைவிடக் குறைந்தால் சரளையில் ஆட்டம் காணும்; மிக அதிகமானால் தார்ச்சாலையில் இழுவை. காற்றைக் கல்லுப்போல அடிக்கக் கூடாது. 38 மில்லிமீட்டர் டயருக்கு, நடுத்தர உடல் எடைக்கு, 50 முதல் 60 பவுண்டு போதும். மழைக்காலத்தில் இன்னும் சற்றுக் குறைக்கலாம்.

டயர் அளவில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. நம் பழைய பெரிய சைக்கிளின் டயரை 28 இஞ்ச் என்போம். புதிய ஹைபிரிட் சைக்கிளின் 700சி டயரையும் சிலர் 28 இஞ்ச் என்றே சொல்வார்கள். ஆனால் ஒன்று மற்றொன்றில் மாட்டாது! பழைய ரிம்மின் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி என்பது 622. மலைச் சைக்கிளின் 26 இஞ்ச் என்பது 559. ‘29 இஞ்ச்’ என்று விற்பதோ மறுபடியும் அதே 622. எனவே டயரின் பக்கவாட்டில் ‘38-622’ என்பது போலப் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும் ஊரில், தவறான டயரை வரவழைத்துவிட்டு மாற்றித் தாருங்கள் என்பது லேசான காரியம் அல்ல.

ஸ்பிரிங் வேண்டாம், துரு வேண்டாம்

முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் இளைஞர்களின் கண்ணைக் கவரும். மலிவான சைக்கிளில் அது இரண்டு கிலோவைக் கூட்டும். மேட்டில் நம் மிதியை விழுங்கும். உப்புக்காற்றில் ஓராண்டில் துருப்பிடித்து இறுகிவிடும். நேரான ஃபோர்க்கும் அகல டயருமே நமக்கு நல்ல ஸ்பிரிங்.

ஃபிரேம் அலுமினியக் கலவையாக இருந்தால் துரு கவலை பாதி குறையும். பாதிதான்! அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் உப்பு ஈரத்தில் கிடந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சீட்டுக் குழாயையும் போல்ட்டுகளையும் வாங்கிய அன்றே கழற்றி கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். ஸ்போக்ஸ் கம்பி ஸ்டெயின்லெஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். மழையில் நனைந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க இல்லத்தரசிகள் வைத்திருக்கும் தையல் ஸ்கேலே போதும். புதுச் செயினில் ஊசியின் நடுவிலிருந்து 12 இஞ்ச் அளந்தால் மிகச் சரியாக இன்னொரு ஊசியின் நடுவில் முடியும். அது 12 இஞ்சையும் தாண்டி ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். செலவு மூன்று மடங்கு.

விளக்கு ஆடம்பரம் அல்ல

நாம் தலைநிலத்தின் கடிகாரத்தையே பின்பற்றுகிறோம். சூரியனோ நமக்கு ஏறத்தாழ 40 நிமிடம் முந்தி. நவம்பர், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அலுவலகம் விட்டு வருகிறவர் பாதி வருடம் இருட்டில்தான் வீடு திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் நல்ல விளக்கு இல்லாத சைக்கிளைப் பாதி சைக்கிள் என்றே நான் கருதுவேன்.

எங்கள் கணக்கு

இவ்வளவையும் பார்த்தபின் ஹைபிரிட் என்று சொல்லப்படும் சாதாரண வகையைத் தேர்ந்தெடுத்தோம். நேர் ஹேண்டில்பார், அலுமினிய ஃபிரேம், நேர் ஃபோர்க், 38-622 டயர், கம்பி டிஸ்க் பிரேக், முன்னால் 28 பல், பின்னால் 34. சீட்டின் உயரம் சரியா என்று பார்க்க ஒரு சிறு சோதனை செய்தோம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும்.

சைக்கிள் 18,500 ரூபாய். மட்கார்டும் கேரியரும் 1,800. விளக்குகள் 1,200. ஹெல்மெட் 1,200. பூட்டு 600. பம்பு, ஸ்பானர், இரண்டு டியூப், பஞ்சர் சாமான் 1,200. கூடுதலாக ஒரு ஜோடி பிரேக் பேட் 500. ஆக மொத்தம் 25,000. அவன் முதலில் கேட்ட கணக்கில் முழுப் பணமும் சைக்கிளுக்கே போயிருக்கும். மழையில் நனைந்து, இருட்டில் தடுமாறி, முதல் பஞ்சரில் வீட்டிலேயே நிறுத்தியிருப்பான். கையில் உள்ள பணத்தில் நான்கில் ஒரு பங்கை மேற்செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் சைக்கிளைத் தேட வேண்டும் என்பதே நான் அவனுக்குச் சொன்ன ஆலோசனை.

ஓராண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. இதுவரை ஒரு செயினும் இரண்டு ஜோடி பேடும் மாற்றியிருக்கிறான். நான் சொல்லியும் சீட்டுக் குழாய்க்கு கிரீஸ் வைக்க மறந்தான். அது இறுகிப்போய், கழற்றுவதற்குள் எங்கள் இருவர் உயிரும் போய்விட்டது. மற்றபடி குறையில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை போன் செய்தான். ஹேடோ இறக்கத்தில் கொட்டும் மழையில் வந்திருக்கிறான். ஒரு பள்ளிச் சிறுமி குடையைச் சாய்த்துப் பிடித்தபடி எதிர்பாராமல் குறுக்கே வந்துவிட்டாள். “மாமா, நின்றுவிட்டது” என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச வரவில்லை. எனக்கும்தான். என் கை தானாகக் கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

நமது சங்க அன்பர்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க நினைத்தால், கடைக்குப் போகுமுன் ஒருமுறை என்னிடம் வாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சைக்கிளிலேயே வந்தால், கூட்டம் முடிந்தபின் செயினையும் பிரேக்கையும் பார்த்துத் தருகிறேன். ஸ்கேல் என் பையில் எப்போதும் இருக்கும்.